ஆறு மணிக்கு நிற்கும் இரைச்சல்

ஜனவரி 9, செவ்வாய்

உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் நடந்த இரண்டு நாள் பயிற்சி இன்றோடு முடிந்தது. விமர்சனச் சிந்தனை மூலம் ஆங்கிலம் கற்பித்தல். கடலைப் பார்த்த ஜன்னல்களைத் திரைச்சீலையால் மூடினார்கள். லைட்டைப் போட்டார்கள். பிறகு சுவரில் ஒரு கடற்கரைப் படத்தைக் காட்டி, "இதில் என்ன காண்கிறீர்கள்?" என்று கேட்டார் கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர்.

எல்லோருக்கும் ஓர் அட்டை தந்தார்கள். அதில் நாலு கேள்வி. யார் சொல்கிறார்? அவருக்கு எப்படித் தெரியும்? வேறு என்னவாக இருக்கலாம்? எது தெரியவந்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன்? எந்த ஆங்கில வாசகத்தையும் இவற்றைக் கேட்டுக் கேட்டே வாசிக்க வேண்டுமாம், மனனம் கூடாதாம். மனனம் கூடாது என்பதை எங்களைச் சேர்ந்து மூன்று தரம் சொல்ல வைத்தார்.

தேநீரோடு தந்த மாலுபாண், மீன் அடைத்த பாண், நன்றாக இருந்தது.

ஆனால் அந்த அட்டை எனக்குப் பிடித்திருக்கிறது. இதை இங்கே மட்டும்தான் எழுதலாம். எவரையும் இலேசில் நம்பாத குணம் எனக்குப் பிறப்பிலேயே உண்டு. இப்போது அதற்குச் சான்றிதழும் கிடைத்திருக்கிறது.

ஜனவரி 11, வியாழன்

வகுப்பு தொடங்கியது. உள்துறைமுக வீதி மீனவர் சங்க மண்டபம், பின்னேரம் நாலரையிலிருந்து ஆறு வரை. ஆறு மணிக்கு எழும்பிவிட வேண்டும், ஏனென்றால் மூலையில் றேடியோ செட் இருக்கிறது. கடலில் நாட்கணக்காக நிற்கும் படகுகளோடு வீட்டார் கதைப்பது ஆறு மணிக்குத்தான். ஒரே அலைவரிசை. ஒருவர் கதைப்பதை ஊரும் கேட்கும், கடலும் கேட்கும்.

செட்டைப் பார்க்கும் நஸ்ரியும் என் மாணவன்தான். மூதூர்ப் பொடியன், வாய் ஓயாதவன். ஜெஸ்மின் உப்புவெளியில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதியில் வேலை. இன்னும் சில பேர். புதிதாகச் சல்லி ஊரிலிருந்து லக்சாயினி, இருபத்தைந்து வயதிருக்கும். கூடவே மாமியார் யோகம்மா. கடைசிக் கதிரையில் உட்கார்ந்துகொண்டார். கொப்பி கொடுத்தேன், வாங்கவில்லை.

"நான் படிக்க வரேல்லை டீச்சர். இவளைத் தனிய விட ஏலாது, அதுதான்."

இடைவேளையில் ஜெஸ்மின் காதுக்குள் சொன்னாள். லக்சாயினியின் புருசன் தர்மிகனும் அவன் தகப்பன் கோணாமலையும் போன படகை மூன்றாம் திகதியிலிருந்து காணவில்லை. நாலு பேர் போகிற படகு. மற்ற இருவருக்கும் காய்ச்சல் என்று தகப்பனும் மகனும் மட்டும் போயிருக்கிறார்கள். தேடுகிறார்கள். கப்பல் கம்பனிக்காரரிடம், அதிகாரிகளிடம் தானே நேரே கதைக்க வேண்டும் என்றுதான் இந்தப் பிள்ளை இங்கிலீஷுக்கு வந்திருக்கிறாள்.

பாடம்: பெரேரா குடும்பம் கண்டிக்குப் போய் மகிழ்ந்த கதை. நான் படிக்கும்போதும் இதே பெரேரா இதே கண்டிக்குத்தான் போனார்.

ஜனவரி 16, செவ்வாய்

அட்டை வேலை செய்கிறது. பயிற்றுநருக்குத் தெரிந்தால் அவரே திகைப்பார்.

பெரேரா சந்தோசமாக இருந்தார் என்று வாசித்தவுடன் நஸ்ரி கையைத் தூக்கினான். "யார் சொன்ன டீச்சர்? பெரேராவா, எழுதினவரா? வேனுக்குக் காசு குடுத்தது அவர்தானே." அதை ஆங்கிலத்தில் சொல் என்றேன். சொன்னான், காலத்தைப் பிழையாகப் போட்டு. ஜெஸ்மின் திருத்தினாள். திருத்தியதை இன்னொருத்தி மறுத்தாள். பதினைந்து நிமிடம் பெரேராவின் மனநிலையைப் பற்றி ஆங்கிலத்தில் சண்டை. வாய் திறக்கவே வெட்கப்பட்ட கூட்டம் இது. சரி என்று நிரூபிக்க ஏதாவது கிடைத்தால் மனிதருக்கு இலக்கணம் தானாக வருகிறது.

'ஹவ் டு யூ நோ' என்பது துறைமுக வீதியில் இப்போது ஒரு வியாதி. ஜெஸ்மின் சொன்னாள்: "நான் மெலிஞ்சு போனன் எண்டு வீட்டில சொன்னார் டீச்சர். ஹவ் டு யூ நோ எண்டன். அவருக்குத் தெரியாதாம், சோறு வேணுமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஆளுக்கொரு வசனம் எழுதி வாசிக்கச் சொன்னேன். லக்சாயினி வாசித்தாள்: என் கணவர் கடலில் இருக்கிறார்.

பின்னால் யாரோ பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார்கள். ஹவ் டு யூ நோ.

லக்சாயினி நின்றபடியே இருந்தாள். பிறகு, "தெரியாது" என்றாள், ஆங்கிலத்தில். உட்கார்ந்தாள்.

இந்த அட்டையை அச்சடித்தவர்கள் இப்படி ஒரு மண்டபத்தில் ஒருநாளாவது நின்றிருப்பார்களா?

ஜனவரி 18, வியாழன்

மழை. நாலு பேர்தான் வந்தார்கள். அதில் இரண்டு பேர் சல்லியிலிருந்து நனைந்து வந்தவர்கள்.

ஜனவரி 20, சனி

வியாழன் விட்ட பாடத்துக்கு இன்று வகுப்பு. முடிந்தும் மழை விடவில்லை, மண்டபத்திலேயே நின்றேன். வாடைக் காலம், கடலில் படகு குறைவு. ஆறு மணிக்கு வந்திருந்தது லக்சாயினியும் யோகம்மாவும் மட்டும்.

நஸ்ரி செட்டைப் போட்டான். இரைச்சல். கொதிக்கும் எண்ணெயில் அப்பளம் விழுந்தது போல, ஓயாமல். பிறகு அது நின்றது.

நின்றது என்றால் செட் நிற்கவில்லை, விளக்கு எரிகிறது. இரைச்சல் மட்டும் இல்லை. நஸ்ரி எனக்கு விளக்கினான்: எங்காவது ஒரு படகில் பேசும் பொத்தானை அமத்தினால் இரைச்சல் நிற்கும், பிறகு குரல் வரும்.

குரல் வரவில்லை. யாரோ அமத்திக்கொண்டு கதைக்காமல் இருக்கிறார்கள். ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பதுபோல அந்த மௌனம். கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டார்கள். திரும்ப இரைச்சல்.

"ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் டீச்சர்," என்றாள் லக்சாயினி. "மூண்டாம் திகதிக்குப் பிறகு."

ஜனவரி 23, செவ்வாய்

பெரேராவைக் கண்டியிலேயே விட்டுவிட்டோம். இன்றைய பாடம் அந்த மௌனம். லக்சாயினிதான் கேட்டாள், நான் தயங்கினேன். 'இருக்கலாம்' என்பதற்கும் 'இருந்தே ஆகவேண்டும்' என்பதற்கும் ஆங்கிலத்தில் உள்ள வித்தியாசத்தைப் படிப்பிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. இதைவிட மோசமான இடமும் இல்லை.

பலகையில் எழுதினோம். வேறு படகொன்றின் பழுதான பொத்தானாக இருக்கலாம். விளையாட்டுக்கு யாரோ செய்யலாம். செட்டிலேயே பிழை இருக்கலாம். நஸ்ரி, ஜின்னாகவும் இருக்கலாம் என்றான். ஜின்னுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டான். ஜின்தான் என்றேன்.

"ஆறு மணிக்கு மட்டும்தான் வருகுது, அப்ப அது ஆள்தான்," என்றாள் லக்சாயினி.

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. கொஞ்சம் பெருமையோடே சொன்னேன். நாங்கள் செட்டைப் போடுவதே ஆறு மணிக்குத்தான், ஆகவே எது வந்தாலும் ஆறு மணிக்குத்தான் வரும். வகுப்பே தலையாட்டியது. யோகம்மா கடைசிக் கதிரையிலிருந்து என்னைப் பார்த்தார். வண்டில் மாடு பாடம் சொன்னால் எப்படிப் பார்ப்போமோ, அப்படி.

ஜனவரி 25, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை, வகுப்பில்லை. ஆனாலும் போனேன். நஸ்ரி நான் சொன்னபடி மத்தியானத்திலிருந்து செட்டைப் போட்டு வைத்திருந்தான். நாலு மணி, இரைச்சல். ஐந்து மணி, இரைச்சல். ஏழு மணிக்குச் செட்டை மூடும்போதும் இரைச்சல்தான்.

ஆறு மணிக்கு நின்றது.

எனக்கு ஒரு நல்ல விளக்கம் இருந்தது. அது இன்று பின்னேரம் காலமானது.

ஜனவரி 30, செவ்வாய்

வாசிக்க ஆங்கிலப் பத்திரிகைத் துண்டு ஒன்றை லக்சாயினியே கொண்டுவந்தாள். நாலு வரி. திருகோணமலைப் படகைத் தேடும் பணி தொடர்கிறது, அது கடைசியாக வடக்கே புல்மோட்டைக்கு அப்பால் நின்றதாக அறியப்படுகிறது.

முதல் கேள்வி, யார் சொல்கிறார்? பத்திரிகை. அதற்கு எப்படித் தெரியும்? மீன்பிடித் திணைக்களம் சொன்னது. திணைக்களத்துக்கு? சங்கம். சங்கத்துக்கு? எல்லோரும் நஸ்ரியைப் பார்த்தார்கள்.

"கோணாமலை அண்ணன் செட்டில சொன்னார். புல்மோட்டைக்கு நேரே நிக்கிறம், மீனில்லை எண்டு. நான் எழுதிக் குடுத்த."

"கோணாமலை அண்ணனுக்கு எப்படித் தெரியும்?" என்றேன், முறைப்படி.

"அவர் அங்க நிண்டவர் எல்லோ," என்றாள் ஒருத்தி.

அப்போது ஜெஸ்மின் கேட்டாள்: "நிண்டவரா? செட்டில ஆர் டீச்சர் உண்மையான இடத்தைச் சொல்லுறது?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. யோகம்மாகூடச் சிரித்தார், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு. இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம் இது. இடத்தைச் சொன்னால் மற்றப் படகெல்லாம் வந்துவிடும். அதனால் கடலில் நிற்பவன் வடக்கே என்றால் வேறெங்கோ நிற்கிறான். மீனில்லை என்றால் வலை கிழிகிறது. எந்தப் படகுக்காரரும் செட்டில் உண்மை இடம் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. அது மரியாதை இல்லை.

சிரிப்பு ஒரு பக்கத்திலிருந்து மெல்ல நின்றது. பிறகு எல்லாப் பக்கமும்.

"அப்ப அவையள் எங்க தேடுகினம்?" என்றாள் லக்சாயினி.

துறைமுகத்தில் ஒரு மனிதரும் நம்பாத பொய். அதை ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்து, கீழே முத்திரை குத்தியவுடன் உண்மையாகிவிட்டது. மூன்று கிழமையாக அந்தப் பொய்யைச் சுற்றி எரிபொருள் எரிகிறது.

"நீ சொல்லக் கூடாதா?" என்று நஸ்ரியைக் கேட்டேன்.

"கடைசியாச் சொன்ன இடம் எது எண்டுதான் கேட்டாங்க டீச்சர். அதைச் சொன்ன. உண்மை இடம் எது எண்டு ஒருத்தரும் கேக்கல்ல."

யோகம்மா, "பொய்யெண்டு எல்லாருக்கும் தெரியும்தானே எண்டு இருந்திட்டன்," என்றார்.

உண்மை இடம் இவர்களுக்கும் தெரியாது. தகப்பனும் மகனும் வீட்டிலும் சொல்வதில்லை. "பொம்பிளையள் கிணத்தடியில கதைப்பினம் எண்டு மாமா சொல்லுவார்," என்றாள் லக்சாயினி.

மழை இல்லாவிட்டால் படகில் குடிக்கத் தண்ணீர் இருக்காது. மழை இருந்தால் இருக்கலாம். இருக்கலாம், இருந்தே ஆகவேண்டும் — இவ்வளவுதான் எனக்குத் தெரியும். வேற என்னத்தைப் படிப்பிச்சன் நான்.

பெப்ரவரி 1, வியாழன்

இதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

வகுப்பு முடிந்தும் ஒருவரும் போகவில்லை. லக்சாயினி என்னிடம் வந்து, "டீச்சர், நான் அவரிட்டைக் கேக்கப்போறன்," என்றாள். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் மார்க்கத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. என் சான்றிதழிலும் இல்லை. தடுத்திருக்கலாம். ஆனால் ஒரு மௌனத்தைச் சோதிக்காமல் விடுவதும் நம்புவதும் ஒன்றுதானே என்று தோன்றியது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நிபந்தனை போட்டேன். யாரும் ஓம் சொல்லக்கூடிய கேள்வி கேள்வியல்ல. அவன் ஒருவனுக்கு மட்டும் தெரிந்ததைக் கேட்க வேண்டும், எனக்கோ நஸ்ரிக்கோ பதில் தெரியக்கூடாது.

யோசித்தாள். "போற அண்டைக்கு விடிய அவரிட்டை ஒரு கதை சொன்னனான். வேற ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மாமிக்கும்." சொல்லும்போது கை வயிற்றுக்குப் போனது. யோகம்மா அதைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். என்ன கதை என்று பிறகு எவருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. எங்கே வைத்துச் சொன்னாள் என்பது மட்டும் மிச்சம். அதுதான் கேள்வி.

ஆறு மணிக்கு இரைச்சல் நின்றது, திரும்ப வந்தது. லக்சாயினி பேசும் கருவியைக் கையில் எடுத்தாள்.

"நான் சொன்ன கதையை எங்க வைச்சுச் சொன்னனான்? குசினியிலையா?" பொத்தானை விட்டாள். இரைச்சல்.

"படலையடியிலையா?" இரைச்சல்.

"கிணத்தடியிலையா?"

நின்றது.

வாசலில், ஊருக்குள் திரியும் மான்கள் நாலு நின்றன, மழைக்கு ஒதுங்க வருபவை. நாலும் ஒன்றாகத் தலையைத் தூக்கின.

வரிசையை மாற்றிக் கேள் என்றேன். அவள் கிணற்றடியை முதலில் கேட்டாள். முதலிலேயே நின்றது. மற்ற இரண்டுக்கும் இரைச்சல்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, ஓம், கிணற்றடிதான் என்று தலையாட்டினாள். பிறகு நஸ்ரி கருவியை வாங்கி இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். புல்மோட்டை. நிலாவெளி. ஃபவுல் முனை. வெருகல்.

வெருகலுக்கு நின்றது. நஸ்ரி பொத்தானிலிருந்து கையை எடுத்தும் நீண்ட நேரம் திரும்ப வரவில்லை.

எனக்குப் பயமாக் கிடந்தது. இதை ஏன் நல்ல தமிழில எழுதவேணும். பயமாக் கிடந்தது.

பெப்ரவரி 2, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு எல்லோரும் மண்டபத்தில். லக்சாயினி திணைக்களத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினாள். நான் கை வைக்கவில்லை, முற்றுப்புள்ளிகளைத் தவிர. சங்கத்தின் தகவலின்படி படகு புல்மோட்டைக்கு அப்பால் நின்றது. ஆனால் எங்கள் ஊரில் செட்டில் இடத்தை மறைத்துச் சொல்வது வழக்கம். ஆகவே அந்தத் தகவலை ஆதாரமாகக் கொள்ள முடியாது. படகு தெற்கே வெருகலுக்கு அப்பால் நின்றிருக்கலாம். அப்படியானால் வாடைக் காற்று அதை இன்னும் தெற்கே கொண்டுபோயிருக்கும்.

ஆனால், ஆகவே, அப்படியானால், இருக்கலாம். பதினேழு வருடமாக இந்தச் சொற்களைப் படிப்பிக்கிறேன். ஒருவருக்காவது அவை தேவைப்பட்டதை இன்றுதான் பார்த்தேன்.

வெருகல் என்று எப்படித் தெரிந்தது என்பதை எழுதவில்லை. நஸ்ரி, "நம்பகமான உள்ளூர் வட்டாரம் எண்டு போடுவம் டீச்சர்," என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

பெப்ரவரி 5, திங்கள்

திணைக்களத்திலிருந்து மண்டபத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அதிகாரி, ஆங்கிலத்தில். லக்சாயினியிடம் கொடுத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே அட்டையில் இருக்கிறது: உங்களுக்கு எப்படித் தெரியும்?

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: எங்களுக்குத் தெரியாது ஐயா. முதல் சொன்ன இடம் பிழை என்பது மட்டும் தெரியும். அங்கே தேடி இவ்வளவு நாளாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். மௌனங்களைக் கண்டு இப்போது எனக்கு ஒவ்வாமை வந்துவிட்டது. பிறகு அவர், தெற்கே போகும் கப்பல்களுக்கு அறிவித்தல் அனுப்புவதாகச் சொன்னார்.

பெப்ரவரி 8, வியாழன்

ஆறு மணிக்கு நின்றது. லக்சாயினி ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும்.

பெப்ரவரி 13, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டார்கள். மாலைதீவுக்கு வெங்காயம் ஏற்றிப்போன கப்பல். அம்பாந்தோட்டைக்கும் அப்பால், நடுக்கடலில், மேலே கொடிபோல உடுத்த சாரத்தைக் கட்டிய படகு. அறிவித்தல் கிடைத்திருந்ததால் கண் வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

ஒருவர் உயிரோடு.

எந்த ஒருவர் என்று பின்னேரம் வரை தெரியவில்லை. மாமியும் மருமகளும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பிரார்த்தித்தால் அது மற்றவளுக்கு எதிராக முடியும். அதனால் இருவருமே பிரார்த்திக்கவில்லை என்று நினைக்கிறேன். ஐந்து மணிக்குப் பெயர் வந்தது. தர்மிகன். யோகம்மா எழுந்து லக்சாயினியின் தலையைத் தடவினார். பிறகு வெளியே போய்த் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளை கிடைத்ததற்கு அழுகிறாரா, புருசன் போனதற்கு அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

பெப்ரவரி 27, செவ்வாய்

தர்மிகன் வந்தான். எலும்பும் தோலும், வெயிலில் எரிந்த முகம். லக்சாயினி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். எல்லோருக்கும் கேக் கொண்டுவந்திருந்தார்கள். யோகம்மா வரவில்லை. கோணாமலையின் அந்தியேட்டிச் சடங்குக்கு ஆயத்தம் நடக்கிறது.

நஸ்ரிதான் அடக்கமாட்டாமல் கேட்டான். "தம்பி, செட்டில ஏன் கதைக்கல்ல? அமத்தி அமத்தி விட்டா எங்களுக்கு என்னெண்டு விளங்கும்?"

தர்மிகனுக்கு விளங்கவில்லை. "எந்தச் செட்டு அண்ணே? எங்கட செட்டு போன ரெண்டாம் நாளே செத்துப்போச்சு."

பிறகு சொன்னான். மூன்றாம் திகதி பின்னேரம் இஞ்சின் நின்றுவிட்டது. செட் அப்போது நல்லாக இருந்தது. வெருகலுக்கு நேரே நின்றார்கள், கீழே நல்ல மீன். "இடத்தைச் சொல்லுங்கோ அப்பா எண்டு கெஞ்சினன். இஞ்சினை விடிய திருத்தலாம், இப்ப சொன்னா எல்லாரும் கேப்பாங்கள் எண்டார். புல்மோட்டை எண்டு சொன்னார்." அன்றிரவு கடல் அடித்தது. செட் நனைந்து போனது.

"பிறகும் ஆறு மணியானா அதைக் கையில எடுப்பார் டீச்சர். செத்த செட்டு. அமத்துவார், கதைக்கமாட்டார், விடுவார். எனக்குக் கோவம் வரும். இப்ப சொல்லுங்கோவன், இப்ப சொல்லுங்கோவன் எண்டு கத்துவன்." மழைத் தண்ணீரைத் தகப்பன் குடிக்கவில்லை, இவனுக்கே கொடுத்தார். பொங்கலுக்கு முதல் நாள் போய்விட்டார் என்று கணக்கு வைத்திருக்கிறான். கடலில்தான் விட்டான். பேசும் கருவியைக் கையிலிருந்து கழற்ற முடியவில்லையாம். வயரை வெட்டி, அதோடேயே விட்டானாம்.

நஸ்ரி என்னைப் பார்த்தான். நான் கேக்கைப் பார்த்தேன்.

நாங்கள் கேள்வி கேட்டது பெப்ரவரி முதலாம் திகதி. பதில் சொன்னவர் போய் அப்போது இரண்டு கிழமைக்கு மேல்.

லக்சாயினி மெல்லக் கேட்டாள். "கிணத்தடிக் கதையை நீங்கள் ஆருக்கும் சொன்னீங்களா?"

"அப்பாட்டைச் சொன்னனான். படகில வேற என்ன கதை. எங்க வைச்சுச் சொன்னனீ எண்டதுகூடச் சொன்னன். சிரிச்சவர். பொம்பிளையள் எல்லாத்தையும் கிணத்தடியிலதான் சொல்லுங்கள் எண்டு."

அவனுக்கு மட்டும்தான் தெரியும் என்று அன்று சொன்னாள். நான் ஏற்றுக்கொண்டேன். ஒருவனுக்கு மட்டும் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டதே நான். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. அந்த ஒரு தடவை மட்டும்.

மார்ச் 5, செவ்வாய்

பயிற்சி தந்த திட்டத்துக்கு அறிக்கை அனுப்பினேன். மாணவர்கள் தயக்கமின்றிக் கேள்வி கேட்கிறார்கள், ஆதாரங்களை ஒப்பிடுகிறார்கள், ஊகத்துக்குரிய வினைவடிவங்களைப் பிழையில்லாமல் கையாளுகிறார்கள். எதிர்பாராத விளைவுகள் ஏதேனும் உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. இல்லை என்று எழுதினேன்.

உண்மையை எழுதினால் இன்னொரு பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள்.

மார்ச் 7, வியாழன்

நஸ்ரி வேறு ஊர்ச் சங்கங்களிலும் விசாரித்தான். பொத்தான் பழுதான படகு ஒன்றும் அகப்படவில்லை. அம்பாந்தோட்டைக் கடலிலிருந்து எங்கள் செட்டுக்கு ஒருபோதும் எட்டாதாம். எட்டினாலும், என்று தொடங்கியவன் மீதியைச் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு இப்போதும் நிற்கிறது.

மார்ச் 14, வியாழன்

நோன்பு தொடங்கிவிட்டது. வகுப்பை ஐந்தரைக்கே முடித்தேன். துறக்கும் வரை மண்டபத்திலேயே இருப்போம் என்று நஸ்ரியும் நானும் பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாடை ஓய்ந்துவிட்டது. துறைமுகத் தண்ணீரில் அசைவே இல்லை.

ஆறுக்குச் சற்று முன் யோகம்மா வந்தார், தனியாக. கடைசிக் கதிரைக்குப் போகவில்லை. நேரே செட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "போடு மகன்," என்றார். நஸ்ரி போட்டான். பேசும் கருவியை எடுத்துப் பொத்தானை அமத்தினார். பழகிய கை.

"தம்பி நல்லாச் சாப்பிடுறான். கடலுக்கு இப்ப போகவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். பிள்ளைக்கு நாலாம் மாசம் முடியுது, மாங்காய் மாங்காய் எண்டு நிக்கிறாள். கூரையில அந்த மூலைத் தகரம் மாத்தியாச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்கள் எங்க நிக்கிறீங்கள் எண்டு நான் கேக்கமாட்டன். சொன்னா எல்லாரும் கேப்பாங்கள்."

பொத்தானை விட்டார். இரைச்சல் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

யோகம்மா கருவியைக் கொளுவிவிட்டுச் சேலையைச் சரிசெய்தார். "வாறன் டீச்சர்," என்று எனக்குச் சொன்னார். செட்டைப் பார்த்தும் அதையே சொன்னார். படி இறங்கி, வீதியைக் கடந்து, பஸ் நிற்கும் இடம் வரை போனார். அதுவரை இரைச்சல் வரவில்லை. பிறகுதான் வந்தது.

அட்டை என் பைக்குள்தான் இருந்தது. நஸ்ரி என்னைப் பார்த்தான், ஏதாவது கேட்பேன் என்று.

பள்ளியில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டேன்.